தணிகையிலிருந்து தணியாத சில சொற்கள்

2025 ஏப்ரல் 5, சனிக்கிழமை. பிற்பகல் ஆட்டம். கே.ஜி.கண்டிகையில் நான் வழக்கமாகத் தேநீர் அருந்தும் கடையில் முப்பது பேராவது இருந்திருப்போம். சேப்பாக்கத்தில் டெல்லி அணி 183 ரன் எடுத்திருந்தது. பதில் ஆடிய சென்னை சூப்பர் கிங்ஸ் பதினோரு ஓவர் முடிவதற்குள் 74 ரன்னுக்கு ஐந்தாவது விக்கெட்டை இழந்தது. ரவீந்திர ஜடேஜா இரண்டு ரன்னோடு தலைகுனிந்து திரும்பிக்கொண்டிருந்தார். கடை முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. நானும் தட்டினேன். அடுத்து வரவிருந்தவர் மகேந்திர சிங் தோனி.

கடை வாசலில் பேருந்துக்குக் காத்திருந்த பெரியவர் ஒருவர் எங்களை வியப்போடு பார்த்தார். பொதட்டூர்பேட்டைப் பக்கத்து விசைத்தறி நெசவாளர். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ் என்று எங்கள் எல்லைப்புறத்துக்கே உரிய இருமொழிக்காரர். கிரிக்கெட் பார்க்கும் வழக்கம் இல்லாதவர் என்பது அவர் கேட்ட கேள்வியிலேயே தெரிந்தது. "ஏன் சார், அவுட்டானது உங்காளுதானே? எதுக்குக் கை தட்றீங்க?"

இருபது வருடங்களாகத் தமிழிலக்கியம் கற்பிக்கிறேன். மாணவர் கேட்கும் எந்தக் கேள்விக்கும் ஏதோ ஒரு பதிலை ஒப்பேற்றிவிடும் தொழில்திறன் எனக்கு உண்டு. அன்று ஒன்றும் வரவில்லை. பேருந்து வந்தது, அவர் ஏறிப் போய்விட்டார். ஐந்து விக்கெட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டே சென்னை 25 ரன்னில் தோற்றது. விஜய் சங்கர் 54 பந்துகளில் 69, தோனி 26 பந்துகளில் 30, இருவரும் ஆட்டமிழக்கவில்லை. பந்துகள்தாம் தீர்ந்துபோயின. அந்தப் பெரியவரின் கேள்வி மட்டும் தீரவில்லை. இக்கட்டுரை அதற்குத் தாமதமாக எழுதப்படும் பதில்.

இலக்கிய நண்பர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள் என்று அறிவேன். கவிதையும் நாவலும் பேச வேண்டிய இடத்தில் கிரிக்கெட்டா என்று கேட்பார்கள். அவர்களுக்கு ஒரு நினைவூட்டல். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் உவகை பிறக்கும் நிலைக்களன்களாக நான்கைச் சொல்கிறார். அவற்றுள் ஒன்று விளையாட்டு. வெகுளி பிறக்கும் இடங்களாகவும் நான்கைச் சொல்கிறார். உறுப்பை அறுத்தல், குடியைக் கெடுத்தல், அடித்து வருத்துதல், கொல்ல முற்படுதல். அந்த நான்கில் விளையாட்டில் தோற்பது இல்லை. ஆகவே தோற்றதற்காகச் சினம் கொள்பவனை இலக்கணம் ஏற்காது. நானும் தோற்றதற்காகச் சினம் கொள்ளவில்லை. தோல்வியைப் பற்றி நமக்குச் சொல்லப்பட்ட கதைக்காகவும் அதை நாம் நம்பிய விதத்துக்காகவுமே சினம் கொள்கிறேன். கதைகளை ஆராய்வதுதானே நம் வேலை?

அந்தக் கதை இதுதான்: அணித்தலைவர் ருதுராஜ் கெய்க்வாட் காயமடைந்தார், அதனால் 2025 பருவம் பாழானது. தேநீர்க்கடையிலும் ஆசிரியர் ஓய்வறையிலும் திருத்தணி மின்சார ரயிலிலும் இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டேன். விதியின் மேல் பழியைப் போட்டுவிட்டால் மனிதர்கள் தப்பித்துக்கொள்ளலாம் என்பது நம் காப்பியங்கள் அறிந்த உத்திதான். ஆனால் இந்தக் கதை எண்களின் முன் ஒரு நிமிடம்கூட நிற்காது.

மார்ச் 30 அன்று குவாஹாட்டியில் ராஜஸ்தானுக்கு எதிரான ஆட்டத்தில் துஷார் தேஷ்பாண்டே வீசிய பந்து ருதுராஜின் கையைத் தாக்கியது. இந்தத் துஷார் 2023-இல் சென்னை கோப்பையை வென்றபோது அதே அணிக்காக 21 விக்கெட்டுகள் எடுத்தவர் என்பதும் அடுத்த பெரிய ஏலத்தில் கைநழுவிப் போனவர் என்பதும் தனிக்கதை. அடிபட்ட பிறகும் ருதுராஜ் 63 ரன் எடுத்தார், அடுத்த இரண்டு ஆட்டங்களிலும் ஆடினார். முழங்கையில் மயிரிழை முறிவு, இனி இப்பருவத்தில் ஆடமாட்டார், தோனி தலைமை ஏற்பார் என்று பயிற்சியாளர் ஸ்டீபன் ஃபிளெமிங் அறிவித்தது ஏப்ரல் 10-இல். அதற்குள் ஐந்து ஆட்டங்கள் முடிந்திருந்தன. ஐந்திலும் ருதுராஜே தலைவர். மும்பையை வென்ற முதல் ஆட்டத்தைத் தவிர நான்கிலும் தோல்வி. அவர் இல்லாத ஒன்பது ஆட்டங்களில் வெற்றி மூன்று, தோல்வி ஆறு.

அவர் இருந்தபோது ஐந்தில் ஒன்று. இல்லாதபோது மூன்றில் ஒன்று. இந்தக் கணக்கை வைத்து ருதுராஜ் திறமையற்றவர் என்று யாராவது சொன்னால் அவரோடு முதலில் சண்டைக்கு வருபவன் நானாகத்தான் இருப்பேன். முதல் ஆட்டத்தில் 26 பந்துகளில் 53 ரன் எடுத்தவர் அவர். நான் சொல்வது வேறு. முழங்கை முறிவதற்கு முன்பே அணி முறிந்துவிட்டிருந்தது. எலும்பு முறிவு மருத்துவப் படத்தில் தெரிந்தது, மற்றது தெரியவில்லை, அவ்வளவே.

சரி, மற்றது எது? மூன்று அடுக்குகளாக அதைப் பார்க்கிறேன்.

முதலாவது ஏலம். 2024 நவம்பரில் ஜெத்தாவில் நடந்த பெரிய ஏலத்தில் சென்னை யாரைத் தேர்ந்தது? 38 வயது அஸ்வினுக்கு 9.75 கோடி. 34 வயது ராகுல் திரிபாதி, அதே வயது விஜய் சங்கர், 33 வயது டெவன் கான்வே. ஏற்கெனவே அணியில் தக்கவைக்கப்பட்டிருந்தவர்களில் 36 வயது ஜடேஜா 18 கோடிக்கு, 43 வயது தோனி 4 கோடிக்கு. சர்வதேச ஆட்டம் ஆடி ஐந்து ஆண்டுகள் ஆனவரைச் சர்வதேச அனுபவமே இல்லாதவர் பட்டியலில் சேர்க்கலாம் என்ற விதி மீண்டும் உயிர்பெற்றதால் அது சாத்தியமாயிற்று. இந்தியாவுக்கு இரண்டு உலகக் கோப்பைகளை வென்று தந்தவர் விதியின்படி புதுமுகம் ஆனார்! அங்கதம் எழுதுபவர்களுக்கு வேலையில்லாமல் போகும் காலம்.

முதியவர்களை வைத்து வெல்லவே முடியாதா என்று கேட்கலாம். முடியும். 2018-இல் முப்பது கடந்தவர்கள் நிறைந்த அணியை 'அப்பாக்களின் படை' என்று உலகமே கேலி செய்தபோது, இறுதியாட்டத்தில் 36 வயது ஷேன் வாட்சன் 117 ரன் எடுத்துக் கோப்பையைக் கொண்டுவந்தார். அன்று அந்தக் கேலிக்குக் கிடைத்த பதிலடியில் நானும் மகிழ்ந்தேன். ஆனால் ஒருமுறை பலித்ததை விதியாக்கிக்கொள்வது சோம்பல். தன் முதல் நாவல் வெற்றி பெற்றதும் அதையே பத்துத் தலைப்புகளில் எழுதிக்கொண்டிருக்கும் நாவலாசிரியரை நாம் என்ன சொல்வோம்? அவரே தன்னை நகலெடுக்கிறார் என்போம். 2025-இன் சென்னை 2018-ஐ நகலெடுத்தது. இடைப்பட்ட ஏழு ஆண்டுகளில் இருபது ஓவர் ஆட்டத்தின் இலக்கணமே மாறிவிட்டது. ஏப்ரல் 8 அன்று பஞ்சாபின் பிரியான்ஷ் ஆர்யா என்ற 24 வயதுக்காரர் நம் பந்துவீச்சுக்கு எதிராக 42 பந்துகளில் 103 அடித்தார். அதே மாதம் 28-ஆம் தேதி ராஜஸ்தானுக்காக வைபவ் சூர்யவன்ஷி என்ற 14 வயதுப் பையன் 35 பந்துகளில் சதமடித்தான். மற்றவர்கள் புதுக்கவிதைக்குப் போய்விட்டார்கள். நாம் அந்தாதி பாடிக்கொண்டிருந்தோம்.

இரண்டாவது களத்தில் எடுக்கப்பட்ட முடிவுகள். மார்ச் 28 அன்று சேப்பாக்கத்தில் பெங்களூருவின் 196 ரன்னைத் துரத்திய ஆட்டத்தில் தோனி ஒன்பதாவது ஆட்டக்காரராக, அஸ்வினுக்கும் பின்னால் வந்தார். 16 பந்துகளில் 30 அடித்தார். கேட்க இனிமையான எண்தான். ஆனால் அதற்குள் ஆட்டம் முடிந்திருந்தது. சென்னை 50 ரன்னில் தோற்றது. இரண்டு நாள் கழித்து ஃபிளெமிங் விளக்கமளித்தார். தோனியின் உடலும் முழங்காலும் பழையபடி இல்லை, பத்து ஓவர்கள் ஓடி ஓடி ஆட அவரால் இயலாது என்பது அவர் சொன்னதன் சாரம். நேர்மையான பேச்சு. ஆனால் அந்த நேர்மையிலிருந்து பிறக்கும் அடுத்த கேள்வியை அவர் தொடவில்லை. பத்து ஓவர்கள் ஆட இயலாத ஒருவரைச் சுற்றி அணியின் ஆட்டவரிசை முழுவதையும் வளைப்பது யாருடைய முடிவு? காயம் ருதுராஜுக்கு மட்டுமா? ஏப்ரல் 10-இல் ஒரு முழங்கை அணியைவிட்டு வெளியேறியது. தேய்ந்துபோன முழங்கால் ஒன்று பல பருவங்களாக அணியை நடத்திக்கொண்டிருந்தது.

சேப்பாக்கத்தில் சொந்த மைதானத்தின் சாதகம் ஒன்றும் இல்லை என்றும் ஃபிளெமிங் அந்தப் பருவத்தில் சொன்னார். ஆடுகளத்தைப் புரிந்துகொள்ள முடியவில்லையாம். 2009 முதல் அங்கே பயிற்சியாளராக இருப்பவர் சொல்லும் சொல்லா இது? பதினாறு ஆண்டுகள் ஒரே பாடத்தை நடத்திய ஆசிரியர் தேர்வு முடிவு வந்ததும் பாடநூல் விளங்கவில்லை என்றால் என் கல்லூரியில் சிரிப்பார்கள். விளைவைப் பாருங்கள். பெங்களூரு சேப்பாக்கத்தில் சென்னையை வென்றது 2008-க்குப் பிறகு முதல் முறை. டெல்லி வென்றது 2010-க்குப் பிறகு முதல் முறை. ஹைதராபாத் வென்றது வரலாற்றிலேயே முதல் முறை. ஏப்ரல் 11 அன்று கொல்கத்தாவுக்கு எதிராக 20 ஓவரில் 103 ரன். சேப்பாக்கத்தில் சென்னையின் ஆகக் குறைந்த எண்ணிக்கை. கொல்கத்தா அதைப் பத்து ஓவரும் ஒரு பந்தும் ஆடி முடித்துவிட்டது. அந்த மைதானத்தில் அப்பருவத்தில் நடந்த ஆறு ஆட்டங்களில் முதலாவதை வென்று, அடுத்த ஐந்தையும் வரிசையாகத் தோற்றோம்.

மூன்றாவது அடுக்கே எனக்கு முக்கியமானது. அது வாரிசு பற்றியது. 2022-இல் பருவம் தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது ஜடேஜாவைத் தலைவராக்கினார்கள். எட்டு ஆட்டங்களுக்குப் பின் தலைமை தோனியிடமே திரும்பியது. 2024-இல் பருவம் தொடங்குவதற்கு முதல்நாள் ருதுராஜைத் தலைவராக்கினார்கள். 2025-இல் அவர் அடிபட்டதும் தலைமை மீண்டும் தோனியிடம். துணைத்தலைவர் என்று ஒருவரை வளர்த்து வைத்திருந்தால் இந்தத் திரும்புதல் நிகழ்ந்திருக்காது. ஒவ்வொரு முறையும் மகுடம் கடைசி நிமிடத்தில் கைமாறுகிறது, முதல் இடறலிலேயே பழைய தலைக்குத் திரும்பிவிடுகிறது. இளவரசனுக்குப் பட்டம் கட்டிவிட்டு அரியணையைவிட்டு எழுந்திருக்காத அரசனின் கதையை நாம் வேறு துறைகளிலும் பார்த்தவர்கள்தாமே?

இப்போது அந்தக் காயக் கதையைத் தலைகீழாகத் திருப்பும் உண்மைக்கு வருகிறேன். அந்தப் பருவத்தின் பிற்பகுதியில் நாம் உட்கார்ந்து பார்க்கும்படி ஆடியவர்கள் யார்? ஆயுஷ் மாத்ரே, 17 வயது. ஏழு ஆட்டங்களில் 240 ரன். பெங்களூருவில் 48 பந்துகளில் 94. டெவால்ட் பிரெவிஸ், 21 வயதுத் தென்னாப்பிரிக்கர். ஆறு ஆட்டங்களில் 225 ரன். உர்வில் படேல், கொல்கத்தாவில் தன் முதல் ஆட்டத்தில் 11 பந்துகளில் 31. இந்த மூவரில் ஒருவரையும் சென்னை ஏலத்தில் எடுக்கவில்லை. மாத்ரே வந்தது ருதுராஜின் முழங்கை முறிந்ததால். பிரெவிஸ் வந்தது தமிழகத்துக்காக ஆடும் குர்ஜப்னீத் சிங் காயமடைந்ததால். உர்வில் வந்தது வன்ஷ் பேடி காயமடைந்ததால். ஜெத்தாவில் எந்த அணியும் கேட்காமல் விட்டவர் பிரெவிஸ்.

அதாவது 2025-இல் சென்னை அணிக்கு வாய்த்த மிகச் சிறந்த தேர்வுக்குழு காயங்கள்தாம். பயிற்சியாளர்களும் நிர்வாகிகளும் கணினிகளோடு உட்கார்ந்து செய்யாததை மூன்று காயங்கள் செய்தன. கதவைத் திறந்தன. காயத்தால் வீழ்ந்தோம் என்று புலம்புகிறவர்களே, காயம் இல்லாதிருந்தால் அந்தப் பிள்ளைகளை நாம் பார்த்தே இருக்கமாட்டோம்.

கதவு அதற்கு முன் எத்தனை பேருக்கு மூடியிருந்தது? குண்டூர்க்காரரான ஷேக் ரஷீத் 2023-இலேயே மஞ்சள் சட்டை அணிந்தவர். இரண்டு பருவங்கள் வெளியே அமர்ந்திருந்துவிட்டு முதல் ஆட்டத்தை ஆடியது 2025 ஏப்ரல் 14-இல், அணி ஐந்து ஆட்டங்களைத் தொடர்ந்து தோற்றபின். தமிழக அணிக்காக ரஞ்சிக் கோப்பையில் ஆடத் தொடங்கியிருந்த 18 வயது ஆந்த்ரே சித்தார்த் 30 லட்சத்துக்கு வாங்கப்பட்டார். ஓர் ஆட்டத்திலும் களமிறக்கப்படவில்லை. ஏப்ரல் 30-ஆம் தேதி பஞ்சாபிடம் தோற்று, அடுத்த சுற்றுக்கான வாய்ப்பை முதலில் இழந்த அணியாக நாம் ஆனோம். இழப்பதற்கு ஒன்றுமில்லாத அதற்குப் பிந்திய நான்கு ஆட்டங்களிலும்கூட அவர் வெளியேதான். அதே பருவத்தில் குஜராத் அணிக்காக 759 ரன் எடுத்து அனைவரையும் முந்தியவர் சாய் சுதர்சன், சென்னைப் பையன். சேப்பாக்கத்தின் நிழலில் வளர்ந்த செடி அகமதாபாத்தில் காய்க்கிறது.

என் வகுப்பில் ஒரு மாணவர் உண்டு. கண்டிகைக்குப் பக்கத்துக் கிராமம். வேகப்பந்து வீசுவார். விடுமுறை நாளில் விடியுமுன் ரயிலேறி எண்பது கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து சென்னையில் லீக் ஆட்டம் ஆடிவிட்டு இரவு திரும்புவார். "சார், நம்ம ஊர் டீம்ல நம்ம பசங்களுக்கு ஏன் சார் சான்ஸ் இல்ல?" என்று ஒருநாள் கேட்டார். திறமை இருந்தால் வாய்ப்பு வரும் என்ற அருள்வாக்கைச் சொல்லி அனுப்பினேன். சொல்லும்போதே எனக்கு நாக்கு கூசியது.

இனி எதிர்த்தரப்பு. அது வலுவானது, அதை மறைக்க விரும்பவில்லை.

"2010, 2011, 2018, 2021, 2023 என்று ஐந்து கோப்பைகளைத் தந்தவர்கள். ஒரு பருவம் சறுக்கியதும் கல்லெறிவதா? நன்றி என்று ஒன்று இல்லையா?" என் துணைவி உட்படப் பலர் இதைக் கேட்கிறார்கள். முதலில் ஒரு திருத்தம். சறுக்கியது ஒரு பருவம் அன்று. 2020-இல் ஏழாம் இடம், 2022-இல் ஒன்பதாம் இடம், 2024-இல் ஐந்தாம் இடம், 2025-இல் பதினான்கில் நான்கே வெற்றிகளோடு பத்தாம் இடம், அதாவது கடைசி. கடைசி இடம் அணியின் வரலாற்றில் முதல் முறை. இடையில் வந்த இரண்டு கோப்பைகளின் ஒளியில் மற்றவை நம் கண்ணுக்குத் தெரியவில்லை.

இரண்டாவது, நன்றி என்பது வாய்மூடி இருப்பதா? வள்ளுவர் பெரியாரைத் துணைக்கோடல் என்ற அதிகாரத்தில் இடித்துரைப்பாரைத் துணையாகக் கொள்ளாத மன்னனுக்குப் பகைவரே வேண்டியதில்லை என்ற கருத்தை வைக்கிறார். சேப்பாக்கத்துக்கு நேர்ந்தது இதுவே. எதிரணி வந்து வீழ்த்தவில்லை. இடித்துரைக்க ஆளில்லாமல் வீழ்ந்தது. 1959-இல் சி.சு.செல்லப்பா 'எழுத்து' இதழைத் தொடங்கியபோது விமர்சனத்துக்கே முதன்மை இடம் தந்தார். தமிழைப் பழிக்க வந்தவரா அவர்? தமிழின் மேல் இருந்த பற்றினால்தானே அதைத் தராசில் நிறுத்தினார்? அந்த இதழில் திருகோணமலையிலிருந்து எழுதிய தருமு சிவராமு என்ற இருபதை ஒட்டிய வயது இளைஞருக்கு இடம் கிடைத்தது. பின்னாளில் பிரமிள் என்று நாம் கொண்டாடுவது அவரைத்தான். மூத்தோரை மதிப்பதும் இளையோருக்கு முன்வரிசையில் இடம் தருவதும் ஒரே மனத்தில் இருக்க முடியும் என்பதற்குச் செல்லப்பாவைவிடச் சான்று வேண்டாம்.

ரசிகன் என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். ரசம் என்றால் சுவை. ரசிகன் என்பவன் சுவைஞன். சுவைப்பவனுக்கு உப்புக் குறைந்தால் தெரிய வேண்டும். குறைந்தது என்று சொல்லத் தெரிய வேண்டும். எதை இலையில் இட்டாலும் அமிர்தம் என்பவனுக்கு வேறு பெயர் உண்டு, பக்தன். எனக்குப் பக்தியின் மேல் குறை எதுவும் இல்லை. எங்கள் ஊர்க்காரர்கள் திருத்தணி மலையின் 365 படிகளையும் ஏறி வணங்குபவர்கள். மலைக்கு உரியது மலையில் இருக்கட்டும். மைதானத்துக்கு அதைக் கொண்டுவந்தால் ஆட்டமும் கெடும், ஆடுபவரும் கெடுவார்.

ஆடுபவர் கெடுவது எப்படி என்பதை 2023-இலேயே ஜடேஜா நமக்குச் சொல்லிவிட்டார். தான் மேல்வரிசையில் ஆட வந்தால் தன்னுடைய விக்கெட் விழுவதற்காக ரசிகர்கள் காத்திருப்பார்கள் என்று ஆட்டநாயகன் விருது மேடையில் சிரித்துக்கொண்டே சொன்னார். நாமும் சிரித்தோம். இறுதியாட்டத்தின் கடைசி இரண்டு பந்துகளில் சிக்ஸரும் ஃபோரும் அடித்து அந்த ஆண்டின் கோப்பையைக் கொண்டுவந்தவர் அவரேதான். இரண்டு ஆண்டு கழித்து, அதே மனிதர் ஆட்டமிழந்து திரும்பும்போது கண்டிகைத் தேநீர்க்கடையில் நாங்கள் எழுந்து கைதட்டினோம். 2025 நவம்பரில் அவரும் சாம் கரனும் ராஜஸ்தானுக்குப் போனார்கள், சஞ்சு சாம்சன் இங்கு வந்தார். வணிகக் கணக்கில் சரியான மாற்றமாகவே இருக்கலாம். ஆனால் பன்னிரண்டு பருவங்கள் இங்கே ஆடிய ஒருவர் புறப்பட்டபோது நான் அந்தக் கைதட்டலை நினைத்துக்கொண்டேன்.

பயிற்சியாளரைக் குற்றம் சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள இயலாது. தோனியைப் பார்க்கத்தான் அரங்கு நிறைகிறது, தோனிக்காகத்தான் தொலைக்காட்சி ஓடுகிறது என்பதை நிர்வாகம் அறியும். நம் கைதட்டலைக் கேட்டுத்தான் அது திட்டம் வகுத்தது. ஆறாவது ஓவரில் விழும் விக்கெட்டுக்கு மகிழும் கூட்டத்துக்கு முன்னால் எந்தப் பயிற்சியாளரால் துணிந்து முடிவெடுக்க முடியும்? துணிந்திருக்க வேண்டும் என்பதே என் தரப்பு. துணியாததற்கு அவர் பொறுப்பு. துணியவிடாமல் செய்ததற்கு நாம் பொறுப்பு.

சில கணக்குகளை நேர்செய்துவிடுகிறேன். தோனியின் மேல் எனக்குப் பகையில்லை. ஏப்ரல் 14 அன்று லக்னோவில் 43 வயதில் 11 பந்துகளில் 26 அடித்து அணியின் தொடர்தோல்வியை நிறுத்தியவர் அவர். ஓய்வு பெறும் நாளைத் தீர்மானிக்கும் உரிமை ஆடுபவருக்கு உண்டு. அவருக்கு எந்த இடம் என்று தீர்மானிக்கும் கடமை பயிற்சியாளருக்கு உண்டு என்பதுதான் நான் சொல்வது. ஃபிளெமிங்கையும் நான் இகழவில்லை. ஏலத்தில் எல்லாம் சரியாக அமைந்துவிடவில்லை என்ற பொருளில் ஏப்ரல் இறுதியில் அவரே பேசினார். தோல்விக்குப் பின் ஆட்டக்காரர்களையும் அவர்கள் குடும்பத்தாரையும் வசைபாடியவர்களோடு எனக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வசை விமர்சனம் ஆகாது. அது தலைகீழாக நிற்கும் பக்தி.

விமர்சித்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்றவர்களுக்கு ஒரே ஒரு செய்தி. 2025 டிசம்பர் 16 அன்று அபுதாபியில் நடந்த ஏலத்தில் இதே நிர்வாகம் 20 வயது பிரசாந்த் வீருக்கும் 19 வயது கார்த்திக் சர்மாவுக்கும் தலைக்கு 14.20 கோடி கொடுத்தது. சர்வதேச ஆட்டம் ஆடாத எவருக்கும் அதுவரை எந்த ஏலத்திலும் தரப்படாத விலை. ஓராண்டுக்கு முன் இளைஞர்களைக் கொண்டுவாருங்கள் என்று கத்தியவர்கள் துரோகிகள். ஓராண்டுக்குப் பின் அதையே நிர்வாகம் செய்தபோது அது தொலைநோக்கு. இதற்கு என்ன சொல்ல? நான் 2025-ஐ மட்டும் பேசுவதற்கும் காரணம் இதுவே. ஒரு வெற்றி வந்தால் எல்லாவற்றையும் மறந்துவிடும் இனம் நாம். மறப்பதற்குள் எழுதிவைக்க வேண்டும்.

எங்கள் ஊர் அணிப்பற்றைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். 1960 ஏப்ரல் 1 வரை திருத்தணி ஆந்திரத்தில் இருந்தது. ம.பொ.சி. முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாகத் தமிழகத்துக்கு வந்தது. ஆகவே 'எங்கள் அணி' என்ற சொல்லை நாங்கள் எளிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஏப்ரல் 25 அன்று ஹைதராபாத் வென்றபோது எங்கள் தெருவில் பாதிப் பேர் வெடி வெடித்தார்கள். அவர்களும் எங்களவர்தாம். மறுநாள் காலை ஒரே குழாயடியில் நின்றோம். அவர்களில் ஒருவர் கேட்டார்: "ஏம்பா, உங்க டீமு எதுக்கு இன்னும் பழைய போட்டோவையே மாட்டி வெச்சிருக்கு?" எல்லைக்கு அந்தப் பக்கத்து மனத்தால் எளிதாகப் பார்க்க முடிந்தது, இந்தப் பக்கத்துக்குத் தெரியவில்லை.

திருத்தணி என்ற பெயருக்கு ஒரு புராணம் உண்டு. சூரனோடு போரிட்ட முருகனின் சினம் தணிந்த இடம் தணிகை. அதனால்தான் மற்றப் படைவீடுகளில் நடக்கும் சூரசம்ஹாரம் இங்கே நடப்பதில்லை. மலரால் அருச்சனை மட்டுமே. அந்த மலையடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டு இவ்வளவு சினமா என்று கேட்பீர்கள். அந்தக் கடவுளின் இன்னொரு பெயரை எண்ணிப் பாருங்கள். குமரன். என்றும் இளையவன். தந்தைக்கே பொருள் உரைத்த பிள்ளை. அவனைக் கும்பிட்டுவிட்டு மலையிறங்கி வரும் நாம், இளையவர்கள் வெளியே அமர்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே முதியவரின் வரவுக்குக் கைதட்டுகிறோம்.

அந்த நெசவாளரை மறுபடி ஒருமுறை சந்தித்தேன். அதே நிறுத்தம், அதே பேருந்து. அன்று கேட்டதற்குப் பதில் சொல்ல முயன்றேன். அவருக்கு அந்தக் கேள்வியே நினைவில்லை. பேச்சு தறிக்குப் போனது. பாவில் ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்தி முடிச்சுப் போட வேண்டும் என்றார். "ஓடுதேன்னு விட்டா துணி பூரா கோடு வுழுந்துடும் சார். அப்புறம் இழைமேல பழி போட்டு என்ன பிரயோஜனம்?"

பதில் சொல்ல வேண்டியவன் நான். சொன்னவர் அவர். ஐயா, அன்று அவுட்டானது எங்களாள்தான். கை தட்டியது தவறுதான்.